நாயின் தோலில் ஒரு கட்டி

உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா? இருந்தால், அதன் தலையையும் முதுகையும் தடவிக்கொடுப்பது உங்களுக்குப் பழக்கமாகவே இருக்கும். அப்படித் தடவும்போது ஒரு நாள், மயிருக்கு அடியில் பட்டாணி அளவில் ஏதோ ஒன்று விரலில் தட்டுப்படுகிறது. நேற்று அது இருந்ததா? போன மாதம் இருந்ததா? நினைவில்லை. நாயோ ஒன்றும் நடவாதது போல வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. வழக்கம்போல் தின்கிறது, ஓடுகிறது, குரைக்கிறது. வீட்டில் சொன்னால் ஒருவர், ‘சூட்டுக் கட்டி, தானாக அமுங்கிவிடும்’ என்பார். இன்னொருவர், ‘சுண்ணாம்பைத் தடவு’ என்பார். மூன்றாமவர், ‘புற்றுநோயாக இருக்குமோ?’ என்று எல்லாரையும் கலங்க வைத்துவிடுவார்.

இவர்களில் யார் சொல்வது சரி? கட்டியைப் பார்த்தும் தொட்டும் மட்டுமே இதற்கு விடை சொல்லிவிட முடியாது. பல்லாண்டு அனுபவம் உள்ள கால்நடை மருத்துவராலும் முடியாது. ஏன் முடியாது? பின் எப்படித்தான் கண்டறிகிறார்கள்? அதுவரை நாம் என்ன செய்ய வேண்டும்? இவற்றை இங்கே காண்போம்.

கட்டியல்லாத ‘கட்டிகள்’

முதலில் சில ஏமாற்றங்களைத் தள்ளிவிடுவோம். ஆண் நாய்க்கும் வயிற்றில் இரண்டு வரிசையாக முலைக்காம்புகள் உண்டு. பொதுவாக எட்டு முதல் பத்து வரை இருக்கும். இதை அறியாமல், ‘வயிற்றில் சின்னச் சின்னக் கட்டிகள்’ என்று பதறுபவர்கள் உண்டு. உண்ணி என்று எண்ணிப் பிடுங்க முயன்றவர்களும் உண்டு. பாவம், அந்த நாய்! நெஞ்செலும்பின் நுனியும், கடைசி விலா எலும்பின் முனையும்கூட மெலிந்த நாய்களில் கட்டி போலவே தட்டுப்படும். இரு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருந்தால் அது பெரும்பாலும் உடலமைப்பே.

இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி, சாம்பல் நிறத்தில் ஒரு கொட்டை முத்துப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். மயிரை விலக்கி நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் ஒரு கைலென்ஸ் கொண்டு பாருங்கள். தோலை ஒட்டிய பக்கத்தில் எட்டுக் கால்கள் தெரிந்தால் ஐயம் தீர்ந்தது. அதை விரலால் நசுக்காதீர்கள். நாய்க்குக் காய்ச்சலையும் இரத்தச்சோகையையும் உண்டாக்கும் நுண்ணுயிர்களை உண்ணிகள் சுமந்து வருகின்றன. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும்.

குட்டி நாயின் தொப்புளில் காணும் மெத்தென்ற புடைப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வயிற்றுத் தசையில் தொப்புள்கொடி இருந்த வழி சரியாக மூடாமல் போனால், உள்ளிருக்கும் கொழுப்போ சில சமயம் குடலோ அந்த ஓட்டை வழியே தோலுக்கடியில் பிதுங்கி நிற்கும். இது குடலிறக்கம். அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் மீண்டும் வரும். சீழ்க்கட்டி என்று எண்ணி யாரேனும் இதைக் கீறிவிட்டால், அவர்கள் கீறுவது குடலையாகவே இருக்கலாம். வீட்டில் பிளேடால் கட்டியை உடைப்பது கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பல முகங்கள், ஒரே தோற்றம்

இனி உண்மையான கட்டிகளுக்கு வருவோம். இரண்டு மூன்று நாட்களில் திடீரென்று பருத்து, தொட்டால் சூடாக இருந்து, நாய் வலியால் முகம் திருப்பினால் அது பெரும்பாலும் சீழ்க்கட்டி. வேறு நாயோடு சண்டை போட்டபோது பட்ட பல்லோ, காலில் ஏறிய முள்ளோ, ஊசிப்புல்லின் விதையோ காரணமாக இருக்கும். உடம்பு முழுவதும் சில நிமிடங்களில் தடிப்புத் தடிப்பாக எழும்பினால் அது காணாக்கடி. பூச்சி கொட்டியோ, ஒவ்வாத மருந்தாலோ வருவது. முகமும் வீங்கி மூச்சுத் திணறினால் அது அவசரம்; அடுத்த நாள் வரை காத்திருக்கக் கூடாது. காது மடல் தலையணை போல் உப்பினால், நாய் காதை விடாமல் உதறியதால் உள்ளே இரத்தக்குழாய் உடைந்து இரத்தம் தேங்கியிருக்கிறது என்று பொருள். காதைக் குடையும் நோய் எதுவோ அதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

மெதுவாக வளர்பவைதாம் குழப்பம் தருபவை. நடுவயதைக் கடந்த, சற்றுப் பருத்த நாய்களின் மார்பிலும் வயிற்றுப் பக்கத்திலும் மெத்தென்று, தோலுக்கடியில் நழுவும்படி வருவது கொழுப்புக் கட்டி. பெரும்பாலும் தீங்கற்றது. தோலின் எண்ணெய்ச் சுரப்பி அடைபட்டால் உள்ளே வெள்ளை மாவு போன்ற பொருள் நிறைந்து சிறு பை உண்டாகும். இளம் நாய்களின் உதட்டிலும் வாயிலும் காலிபிளவர் பூ மாதிரி வரும் மருக்கள் ஒருவகை வைரஸால் உண்டாகின்றன. நாயின் உடல் அந்த வைரஸை எதிர்க்கக் கற்றுக்கொண்டதும் பெரும்பாலும் சில மாதங்களில் தாமே உதிர்ந்துவிடும்.

மூன்று வயதுக்குட்பட்ட நாய்களுக்கு வரும் இன்னொரு விந்தையான கட்டி உண்டு. முகத்திலோ காதிலோ காலிலோ, சிவந்த சட்டைப் பொத்தான் போல மயிரற்று எழும்பும். தோலில் காவல் காக்கும் ஒருவகைச் செல்கள் பெருகுவதால் உண்டாவது. வேகமாக வளரும்; பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் உடலின் வெள்ளையணுக்கள் அதனுள் நுழைந்து அழித்துவிடுவதால், இரண்டு மூன்று மாதங்களில் பெரும்பாலும் சுவடின்றி மறைந்துவிடும்.

‘அப்படியானால் காத்திருந்து பார்க்கலாமே’ என்று கேட்கத் தோன்றுகிறதா? இங்கேதான் சிக்கல். இந்தப் பொத்தானைப் போலவே சிவந்து, இதே அளவில், இதே இடங்களில் மாஸ்ட் செல் கட்டி என்ற புற்றும் வரும். அதுவே கொழுப்புக் கட்டியைப் போல மெத்தென்றும் இருக்கக்கூடும். மருவைப் போலவும் இருக்கக்கூடும். நாய்களின் தோலில் வரும் கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இவ்வகை.

மாஸ்ட் செல்களை முதலில் விவரித்தவர் பால் எர்லிக் என்ற ஜெர்மானிய அறிஞர். 1878இல், மருத்துவப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டில் அவர் இச்செல்களை வருணித்தார். வயது அப்போது 24. நீலச் சாயம் ஊற்றினால் மற்றச் செல்கள் நீலமாக, இவற்றின் உள்ளிருக்கும் மணிகள் மட்டும் ஊதாவாக மாறுவதைக் கண்டார். நன்றாகத் தின்று கொழுத்த செல்கள் போலும் என்று எண்ணி, தீனி என்ற பொருள்படும் ‘மாஸ்ட்’ என்ற ஜெர்மன் சொல்லை இட்டார். அந்த மணிகள் தீனி அல்ல என்பது பின்னால் தெரிந்தது. அவற்றில் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருட்கள் நிறைந்துள்ளன. காணாக்கடியில் தடிப்பை எழுப்புவதும் இந்த ஹிஸ்டமின்தான்.

இப்போது ஒன்றை யோசியுங்கள். இத்தகைய செல்கள் கோடிக்கணக்கில் கூடி நிற்கும் ஒரு கட்டியை விரலால் பிசைந்தால் என்ன ஆகும்? மணிகள் உடைந்து ஹிஸ்டமின் வெளியேறும். கட்டி சில நிமிடங்களில் சிவந்து உப்பும்; மறுநாள் வடிந்துவிடும். ‘நேற்றைக்கு இன்று சிறிதாகிவிட்டது, குணமாகிறது’ என்று வீட்டார் மகிழ்வார்கள். உண்மையில் வீக்கம் மட்டுமே வடிந்தது. கட்டி அப்படியே இருக்கிறது. அதோடு, இரத்தத்தில் கலந்த ஹிஸ்டமின் இரைப்பையில் அமிலத்தைப் பெருக்கிப் புண்ணாக்கிவிடும். நாய் வாந்தி எடுக்கும். மலம் கறுப்பாகப் போகும். தோலில் இருக்கும் ஒரு கட்டிக்கும் வயிற்றுக்கும் என்ன தொடர்பு என்று விழித்தால் பயனில்லை.

ஊசி முனையில் விடை

கையால் பிரிக்க முடியாததை நுண்ணோக்கி பிரித்துவிடுகிறது. மருத்துவர், ஊசி போடப் பயன்படும் சாதாரண மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செருகி, சில செல்களை உறிஞ்சி எடுக்கிறார். அவற்றைக் கண்ணாடித் தகட்டில் பூசி உலர வைத்துச் சாயம் ஏற்றிப் பார்க்கிறார். பெரும்பாலான நாய்களுக்கு மயக்க மருந்துகூடத் தேவைப்படாது. தடுப்பூசிக்கு ஆகும் வலிதான். கொழுப்புக் கட்டியானால் தகட்டில் எண்ணெய்த் துளிகள் பளபளக்கும். தகடு உலரவே உலராது. சீழானால் வெள்ளையணுக்களும் பாக்டீரியாக்களும் மொய்க்கும். மாஸ்ட் செல் கட்டியானால், எர்லிக் கண்ட அதே ஊதா மணிகள் செல்களை நிறைத்துக் கொண்டு நிற்கும். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் வெங்காயத் தோலைப் பார்க்கிறீர்களே, அந்த முறைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. தோல் கட்டிகளில் அப்படி நேர்வது மிக மிக அரிது. ஊசிக்கு அஞ்சி மாதக்கணக்கில் விட்டுவைப்பதில் உள்ள கேட்டோடு ஒப்பிட்டால் அது கணக்கில் சேராது. ஊசியில் போதிய செல்கள் வராமல் போவதும் உண்டு. அப்போது கட்டியில் ஒரு துண்டையோ முழுவதையோ எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

எப்போது போக வேண்டும்? கட்டி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டாலோ, ஒரு மாதம் ஆகியும் மறையாவிட்டாலோ ஊசிச் சோதனை செய்துவிட வேண்டும். வேகமாக வளர்தல், புண்ணாகி இரத்தம் கசிதல், அடியிலுள்ள தசையோடு ஒட்டி அசையாமல் நிற்றல் ஆகிய ஒன்று இருந்தாலும் உடனே போக வேண்டும். தடுப்பூசி போட்ட இடத்தில் வரும் சிறு கட்டி சில வாரங்களில் கரைந்துவிடும். அதையும் குறித்து வையுங்கள்.

ஒரு சென்டிமீட்டரின் கணக்கு

ஒரு சென்டிமீட்டர் என்ன பெரிய அளவா? சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கன சென்டிமீட்டர் திசுவில் ஏறத்தாழ 100 கோடி செல்கள் என்பது புற்றுநோய் நூல்களில் வழங்கி வந்த ஒரு தோராயக் கணக்கு. விட்டம் ஒரு செ.மீ. உள்ள உருண்டையின் கன அளவு அதில் பாதிக்குச் சற்று மேல். ஆகவே அதில் சுமார் 50 கோடி செல்கள் இருக்கும். ஒரே செல், இரண்டாகி, நான்காகி, எட்டாகி இந்த அளவை எட்ட எத்தனை முறை இரட்டிக்க வேண்டும்? 29 முறை. கால்குலேட்டரில் நீங்களே சரிபார்க்கலாம். அடுத்து, விட்டம் ஒன்றிலிருந்து இரண்டு செ.மீ. ஆவதற்கு இன்னும் மூன்று இரட்டிப்புகளே போதும். ஏனெனில் விட்டம் இருமடங்கானால் கன அளவு எட்டு மடங்காகிறது. வழியில் பல செல்கள் இறந்தும் போகும் என்பதால் இது கறாரான கணக்கு ஆகாது. ஆனாலும் விரலில் தட்டுப்படும்போதே கட்டி தன் வளர்ச்சியின் பெரும்பகுதியைக் கடந்துவிட்டது என்பது தெளிவாகிறது. ‘கொஞ்சம்தான் பெரிதாகியிருக்கிறது’ என்று கண் சொல்லும்போது, உள்ளே செல்கள் எட்டு மடங்காகியிருக்கும்.

அறுவை மருத்துவரின் கணக்கு இன்னொன்று. மாஸ்ட் செல் புற்றை வெட்டும்போது, சுற்றிலும் இரண்டு செ.மீ. நல்ல தோலையும் அடியிலுள்ள ஒரு திசுப் படலத்தையும் சேர்த்து எடுப்பது வழக்கம். கட்டி ஒரு செ.மீ. என்றால் வெட்டும் வட்டத்தின் விட்டம் 5 செ.மீ.; பரப்பு சுமார் 20 சதுர செ.மீ. கட்டி நான்கு செ.மீ. ஆகிவிட்டால் விட்டம் 8. பரப்பு சுமார் 50 சதுர செ.மீ. முதுகில் தோல் தாராளமாக உண்டு. முன்னங்காலிலோ? அங்கே இழுத்துத் தைக்கத் தோலே கிடைக்காது. சிறிதாக இருந்தபோது தையலோடு முடிந்திருக்க வேண்டியது, சில சமயம் காலையே எடுக்கும் நிலைக்குப் போய்விடுகிறது.

பெண் நாய்களின் மடிக்கட்டியைத் தனியே சொல்ல வேண்டும். வயதான பெண் நாய்களின் முலைக்காம்புகளை ஒட்டி வரும் கட்டிகளில் ஏறத்தாழ பாதி புற்றாக இருக்கும். இவற்றை விட்டுவைத்தால் நுரையீரலுக்குப் பரவலாம். அதனால் அறுவைக்கு முன் மார்பை எக்ஸ்ரே எடுக்கிறார்கள். இந்நோயின் வேர் ஹார்மோன்களில் இருக்கிறது. கருத்தடை அறுவை செய்யாத நாய்க்குள்ள அபாயத்தை 100 என்று கொண்டால், முதல் பருவம் வருமுன் செய்த நாய்க்கு அது 0.5, ஒரு பருவம் கண்டபின் செய்தால் 8, இரண்டு பருவத்துக்குப் பின் 26 என்று 1969இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. இந்த எண்களின் துல்லியத்தைப் பின்வந்தோர் கேள்வி கேட்டதுண்டு. எனினும் எப்போது அறுவை செய்வது என்பதை மருத்துவரோடு பேசும்போது இதையும் கேட்டு வையுங்கள்.

நமக்குக் காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது அல்லவா? நாய்க்கும் அப்படியே. தாடையின் கீழ், தோளின் முன்புறம், பின்முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்களில் நெறி கட்டும். ஓரிடத்தில் மட்டும் என்றால் அருகில் புண்ணோ பல்நோயோ இருக்கிறதா என்று பார்க்கலாம். எல்லா இடங்களிலும் ஒரே சமயத்தில், வலியின்றி வீங்கியிருந்தால் இரத்த அணுக்களின் புற்றாக இருக்கலாம். உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை முற்றிலும் வேறு. இங்கும் ஊசிதான் தீர்ப்புச் சொல்லும்.

நாய் விட்டு நாய் தாவும் கட்டி

தெருநாய்களிடம் காணும் ஒரு கட்டி அறிவியலில் தனி இடம் பெற்றது. பிறப்புறுப்பில் காலிபிளவர் போல எழும்பி இரத்தம் சொட்டும். முகர்வதாலும் நக்குவதாலும் சில சமயம் மூக்கிலும் வரும். இணைசேரும்போது ஒரு நாயிடமிருந்து மற்றொன்றுக்குப் பரவுகிறது. 1876இல் ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி இக்கட்டியின் துண்டை வேறொரு நாயின் உடலில் வைத்து வளரச் செய்து காட்டினார். பரப்புவது வைரஸ் என்றே பலர் நெடுநாள் எண்ணினர். ஆனால் நாயின் செல்லில் 78 குரோமோசோம்கள் இருக்க, கட்டியின் செல்லில் அறுபதுக்கு முன்பின்னாகவே இருந்தன. 2006இல் இலண்டன் ஆய்வாளர்கள் மரபுப்பொருளை ஒப்பிட்டபோது, கட்டி அது வளரும் நாயோடு பொருந்தவில்லை. உலகின் பிற பகுதி நாய்களின் கட்டிகளோடு பொருந்தியது. அதாவது, பரவுவது புற்றுச் செல்லேதான்! 2019இல் 546 கட்டிகளை ஆராய்ந்து வெளியிட்ட ஆய்வு, 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்த ஒரு நாயின் உடலில் இது தொடங்கியது என்று கணித்தது. அந்த நாய் என்றோ இறந்துவிட்டது. அதன் செல்கள் மட்டும் உடல் விட்டு உடல் தாவி இன்றும் உயிரோடிருக்கின்றன.

பார்க்க அருவருப்பான இந்தக் கட்டிதான் பெரும்பாலும் மருந்துக்கே முழுதும் கரைந்துவிடுகிறது. வாரம் ஒரு முறை, சில வாரங்கள் நாளத்தில் ஏற்றப்படும் வின்கிறிஸ்டின்தான் அந்த மருந்து. இது நம் வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரிக்கப்படுகிறது. மடகாஸ்கரிலிருந்து உலகெங்கும் பரவிய இச்செடியைச் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வதுண்டு. அதற்காக இலையை அரைத்து நாய்க்குப் புகட்டிவிடாதீர்கள்! செடியில் வின்கிறிஸ்டின் மிகமிகச் சொற்பம். அதோடு வேறு நச்சுப்பொருட்களும் கலந்துள்ளன. தூய மருந்தேகூட நாளத்துக்கு வெளியே கசிந்தால் அவ்விடத்துச் சதையை அழுகச் செய்யும் வீரியம் உடையது. எனவே, ‘இனி பிழைக்காது’ என்று துரத்தப்படும் தெருநாய் ஒன்றை நீங்கள் கண்டால், அதைத் தொடாமல், பெரியவர்கள் மூலம் கால்நடை மருத்துவமனைக்கோ விலங்கு நல அமைப்புக்கோ தெரிவியுங்கள்.

உங்கள் பங்கு

மாதம் ஒரு நாள், நாய் அமைதியாக இருக்கும்போது தலையிலிருந்து வால்வரை விரல்களால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். விரலிடுக்குகள், வாலின் அடி, உதட்டின் உட்புறம் இவற்றை மறக்க வேண்டாம். ஒரு நோட்டில் நாயின் உருவத்தை இடப்பக்கம், வலப்பக்கம் என வரைந்து, கட்டி உள்ள இடத்தைப் புள்ளியிட்டு, அளவுகோலால் அளந்த நீளத்தையும் தேதியையும் எழுதுங்கள். ‘எப்போதிருந்து?’ என்று மருத்துவர் கேட்கும்போது, ‘ரொம்ப நாளாக’ என்று சொல்வதைவிட இந்த ஒரு பக்கம் நூறு மடங்கு பயன் தரும். கட்டிகள் பல இருந்தால் ஒவ்வொன்றையும் தனியே குறியுங்கள். ஒன்று கொழுப்புக் கட்டி என்று தெரிந்ததால் மற்றதும் அதுவே என்று ஆகிவிடாது.

வலியிலுள்ள நாய், எவ்வளவு சாதுவானாலும், கடிக்கக்கூடும். கட்டியைத் தொடும்போது அது உறுமினாலோ உடம்பை விறைத்தாலோ கையை எடுத்துவிடுங்கள். கடித்துவிட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். வீட்டு நாய்தானே என்று விடக் கூடாது.

சுண்ணாம்பு, எருக்கம்பால், மண்ணெண்ணெய், பழுக்கக் காய்ச்சிய கம்பி ஆகிய எதுவும் வேண்டாம். இவை மேல்தோலைப் பொசுக்கும். அடியிலுள்ள செல்களை எட்டுவதில்லை. பொசுங்கிய புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்தால் நாய்க்கு இரட்டைத் துன்பம். வெந்த இடத்தில் ஊசி போட்டு எடுத்தாலும் அழுகலும் சீழுமே வரும். மருத்துவரும் குழம்பிப் போவார். வீட்டிலுள்ள வலி மாத்திரைகளையும் தரக் கூடாது. நமக்குத் தலைவலி தீர்க்கும் இபுப்ரோபென் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

அறுவை செய்து எடுத்த கட்டியைக் குப்பையில் போட்டுவிடும்படி சொல்லாதீர்கள். கட்டியைப் போலப் பத்து மடங்கு அளவுள்ள 10 சதவீத பார்மலின் கரைசலில் இட்டு, திசு ஆய்வுக்கு அனுப்பும்படி மருத்துவரைக் கேளுங்கள். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு முதலிய ஊர்களின் கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் நோய்க்குறியியல் துறைகள் இருக்கின்றன. வெறும் தண்ணீரிலோ உறைபெட்டியிலோ வைத்தால் செல்கள் சிதைந்துவிடும். அறிக்கையில் மூன்று செய்திகளைத் தேடிப் பாருங்கள்: கட்டி எந்தச் செல்லால் ஆனது, அது எவ்வளவு வீரியமானது, வெட்டிய ஓரத்தில் புற்றுச் செல்கள் உள்ளனவா இல்லையா. ஓரத்தில் இருப்பதாக அறிக்கை சொன்னால், தையல் ஆறிவிட்டது என்று இருந்துவிடாமல் அந்தத் தாளோடு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டாம் அறுவை செய்வதானால் கட்டி மீண்டும் தலைகாட்டுமுன் செய்வதே எளிது.